கடல் பார்க்கப் போகும் கணவனும் மனைவியும்



இந்த மாதம் ஒரு கேள்வியோடு தொடங்குவோம். உங்களுக்குத் திருமணமாகி எத்தனை வருடங்கள்? ஐந்தா, பத்தா, இருபதா? இந்த வருடங்களில் நீங்களும் உங்கள் கணவரும் மட்டும், பிள்ளைகள் இல்லாமல், மாமியும் மதினியும் இல்லாமல், ஒரு முழு நாள் வெளியே போய் வந்தது எத்தனை தடவை? கலியாண வீட்டையும் ஜனாஸா வீட்டையும் கணக்கில் சேர்க்க வேண்டாம். வைத்தியசாலைக்குப் போனதையும் சேர்க்க வேண்டாம். சும்மா, பார்ப்பதற்கும் பேசுவதற்குமாகப் போனதை மட்டும் எண்ணிப் பாருங்கள்.

நம்மில் பலருக்கு எண்ணுவதற்கு ஒரு கையே போதும். சிலருக்கு அந்தக் கையும் தேவைப்படாது.

கட்டுகஸ்தோட்டை, மடவளை, அக்குறணைப் பக்கம் பிறந்து வளர்ந்த பெண்ணுக்குக் கடல் என்பது பாடசாலைச் சுற்றுலாவில் ஒரு தரம் கண்ட காட்சி. அன்று ஆசிரியையின் விசில் சத்தத்துக்கு வரிசையாக நின்று, கால் நனையுமுன் "போதும், போதும், பஸ்ஸில் ஏறுங்கள்" என்ற குரல் கேட்டுத் திரும்பியதோடு சரி. கட்டுகஸ்தோட்டைப் பாலத்தின் கீழே மகாவலி ஓடுகிறது. 335 கிலோ மீற்றர் ஓடி, திருகோணமலையின் கொட்டியாரக் குடாவில் கடலோடு கலக்கிறது. நம் வாசலைத் தொட்டுப் போகும் தண்ணீர் கடலைக் கண்டுவிடுகிறது. அந்தப் பாலத்தைத் தினமும் கடக்கும் நமக்குத்தான் வாய்ப்பதில்லை.

ஒரு காலத்தில் இந்தக் கட்டுகஸ்தோட்டை ஆற்றில் யானைகள் குளிப்பதைப் பார்க்க வெளிநாடுகளிலிருந்து கணவனும் மனைவியுமாக ஜோடி ஜோடியாய் வந்தார்கள். கடல் கடந்து வந்து, நம் ஆற்றங்கரையில் பக்கத்தில் பக்கத்தில் நின்று, ஒரே காட்சியை இருவரும் சேர்ந்து பார்த்துவிட்டுப் போனார்கள். அவர்கள் பார்த்தது யானையை. ஆனால், அவர்கள் கொண்டு போனது சேர்ந்து பார்த்த அந்த ஒரு நாளை. அப்படி ஒரு நாள் நமக்கும் வேண்டாமா?

யாருக்கு ஓய்வு?

"நாங்கள் போகாமலா இருக்கிறோம்? போன விடுமுறையில்கூட வேன் பிடித்துப் போனோமே" என்று நீங்கள் சொல்லக்கூடும். அந்தப் பயணத்தைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள்.

விடியற்காலை இரண்டு மணிக்கு எழும்பியது யார்? கோழி பொரித்தது, சோறு சமைத்தது, வாழையிலையை வாட்டிப் பார்சல் கட்டியது, பிளாஸ்க்கில் தேநீர் ஊற்றியது, சின்னவனுக்கு மாற்று உடுப்பும் பால் போத்தலும் எடுத்து வைத்தது யார்? கடுகண்ணாவை வளைவில் பிள்ளைக்குத் தலை சுற்றியபோது தேசிக்காயும் பையும் நீட்டியது யார்? போய்ச் சேர்ந்த பிறகு எல்லாரும் சுற்றிப் பார்க்க, ஒரு வாங்கில் உட்கார்ந்து பைகளுக்குக் காவல் இருந்தது யார்? வீடு திரும்பியதும் மற்றவர்கள் களைத்துப் படுக்க, ஏனங்களைக் கழுவி, மணல் ஒட்டிய உடுப்புகளை நனைய வைத்தது யார்?

அது குடும்பத்துக்குச் சுற்றுலா. உங்களுக்கு அது இடம் மாறிய சமையலறை. அவ்வளவுதான்.

குடும்பத்தோடு போவது வேண்டாம் என்று சொல்லவில்லை. பிள்ளைகளின் சிரிப்புக்கு ஈடு ஏது? ஆனால் ஒரு காரியத்தை மனதில் வைத்துக்கொள்வோம். இன்பச் சுற்றுலா என்று பெயர் வைத்துவிட்டு, ஒருவருடைய களிப்புக்கு இன்னோர் உயிர் தன் ஓய்வையும் சுகத்தையும் விலையாகக் கொடுக்கும்படி செய்யக் கூடாது. இந்த வார்த்தையை மறந்துவிடாதீர்கள். சற்றுப் பின்னால் இது நமக்கு மறுபடியும் தேவைப்படும்.

இது ஆடம்பரமா?

"எங்களுக்கு இதெல்லாம் எதற்கு? இது புதுப் பெண் மாப்பிள்ளைக்குரிய வேலை" என்பது பலருடைய பேச்சு. அப்படியா? திருமணமான புதிதில் பேசுவதற்கு ஆயிரம் விடயம் இருந்தது. பத்து வருடத்துக்குப் பிறகு நமது பேச்சு என்ன? "அரிசி முடிந்துவிட்டது." "கரண்ட் பில் வந்திருக்கிறது." "மகளுக்கு டியூஷன் காசு கட்ட வேண்டும்." இவை எல்லாம் தேவையான பேச்சுகள்தாம். ஆனால் இவை மட்டுமே பேச்சாகிவிட்டால், கணவனும் மனைவியும் ஒரே கடையை நடத்தும் இரண்டு பங்காளிகளைப் போல ஆகிவிடுகிறார்கள். கணக்குச் சரியாக இருக்கும். மனம் மட்டும் எங்கோ தூரத்தில் இருக்கும்.

மத்திய கிழக்கில் தொழில் செய்பவர்களின் வீடுகளைப் பாருங்கள். இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை, இரண்டு மாத லீவில் வருகிறார் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். பன்னிரண்டு வருடத் தாம்பத்தியத்தில் அவர் மனைவியோடு வாழ்ந்தது மொத்தம் பன்னிரண்டே மாதங்கள். அந்த மாதங்களிலும் பாதி, உறவினர் வீடுகளுக்கு சலாம் சொல்லப் போவதிலும், வீட்டுக் கூரை திருத்துவதிலும், காணி பார்ப்பதிலும் கழிந்துவிடுகிறது. இப்படிப்பட்டவர்களுக்கு இருவர் மட்டும் சேர்ந்திருக்கும் ஒரு நாள் ஆடம்பரமா, அவசியமா? நீங்களே சொல்லுங்கள்.

நம் மார்க்கம் இதைச் சின்னக் காரியமாக நினைக்கவில்லை. நபி (ஸல்) அவர்கள் ஒரு பயணத்தில் கூட வந்தவர்களை முன்னால் போகச் சொல்லிவிட்டு, ஆயிஷா (ரழி) அவர்களோடு ஓட்டப் போட்டி வைத்த செய்தி நாம் அறிந்ததுதான். முதல் தடவை ஆயிஷா (ரழி) வென்றார்கள். சில காலத்துக்குப் பின் நடந்த போட்டியில் நபியவர்கள் வென்று, முன்னைய தோல்விக்கு இது சரியாகிவிட்டது என்று சொன்னார்கள். கூட வந்தவர்களை முன்னே அனுப்பிவிட்டார்கள் என்பதைக் கவனியுங்கள். அந்தச் சிறு நேரம் இருவருக்கு மட்டுமே உரியது.

இன்னொரு செய்தியும் உண்டு. பெருநாள் ஒன்றில் அபிசீனியர்கள் ஈட்டி விளையாடியபோது, நபியவர்களின் தோளுக்குப் பின்னால் நின்று ஆயிஷா (ரழி) அவர்கள் பார்த்தார்கள். தாமே போதும் என்று விலகும் வரைக்கும் நபியவர்கள் அவர்களுக்காக நின்றுகொண்டிருந்தார்கள். மனைவி பார்த்து முடிக்கும் வரை பொறுமையோடு பக்கத்தில் நிற்பது! இதைவிட ஒரு பயணத்துக்கு என்ன ஒழுங்கு வேண்டும்?

தெஹிவளைக்கு ஒரு நாள்

எங்கே போவது? கடலையும் கடலில் வாழும் உயிர்களையும் ஒரே நாளில் பார்த்துவிட்டுத் திரும்ப, மலைநாட்டார் நெடுங்காலமாகத் தெரிவு செய்யும் இடம் தெஹிவளை. அங்கே மிருகக்காட்சிசாலையும், அதற்குள்ளே மீன் காட்சியகமும் இருக்கின்றன. கொஞ்சத் தூரத்தில் கடலும் இருக்கிறது.

அந்த இடத்தின் கதை சுவையானது. வெளிநாட்டு மிருகக்காட்சிசாலைகளுக்கும் சர்க்கஸ்களுக்கும் விலங்குகளை விற்று வந்த ஹாகன்பெக் என்ற ஜெர்மன் குடும்பத்தைச் சேர்ந்த ஜோன் ஹாகன்பெக் என்பவர், 1920களில் அங்கே விலங்குகளைச் சேர்த்து வைத்தார். கப்பலேறும் வரை அவை தங்கும் இடமாக அது இருந்தது. அந்த வியாபாரம் நொடித்த பின் 1936 இல் அரசாங்கம் அதைப் பொறுப்பேற்றது. விற்பனைக் கிடங்காகத் தொடங்கிய இடம், நாட்டின் தேசிய மிருகக்காட்சிசாலையானது. மாலையில் நடந்த யானைகளின் ஆட்டமும், கடற்சிங்கங்கள் பந்தை மூக்கில் ஏந்தும் வேடிக்கையும் பல தலைமுறைப் பிள்ளைகளின் மனதில் பதிந்தவை. உங்கள் வாப்பாவிடம் கேட்டால், அவரும் பாடசாலைக் காலத்தில் பார்த்ததாகச் சொல்வார்.

கண்டியிலிருந்து கொழும்புக்கு ஏறத்தாழ 115 கிலோ மீற்றர். ஸுபஹ் தொழுதவுடன் புறப்பட்டால், மாவனல்லை, கேகாலை, வரக்காப்பொலை, நிட்டம்புவை என்று பஸ் வண்டி இறங்கி ஓடும். மலை குறைந்து, குளிர் விலகி, தென்னைகள் கூடிக்கொண்டு வருவதை யன்னலோரம் இருந்து பாருங்கள். வழியில் கஜுகமவில் கடலோடிகள் சிப்பி விற்பது போலப் பெண்கள் கஜு விற்பார்கள். ஒரு சிறு பொதி வாங்கி இருவரும் கொறித்துக்கொண்டு போகலாம். கோட்டையில் இறங்கி, காலி வீதியில் போகும் 100 அல்லது 101 ஆம் இலக்க பஸ்ஸில் ஏறினால் தெஹிவளை.

மீன் காட்சியகத்தை அவசரமாகக் கடந்துவிடாதீர்கள். பிள்ளைகளோடு போனால் ஓடத்தான் வேண்டும். இப்போது நீங்கள் இருவர்தானே? இருட்டான நடையில் ஒவ்வொரு கண்ணாடியின் முன்னும் நில்லுங்கள். சந்தையில் செதில் உதிர்ந்து, ஐஸ் கட்டியில் கிடக்கும் மீனைத்தான் நாம் அறிவோம். அதே இனம் உயிரோடு நீந்துவதைக் காணும்போது, "இவ்வளவு அழகான ஒன்றையா நாம் மஞ்சளும் மிளகாய்த்தூளும் போட்டுப் பிரட்டுகிறோம்!" என்று உங்களுக்கே சிரிப்பு வரும். கணவர் அடுத்த தொட்டிக்குப் போய்விட்டால் கூப்பிடுங்கள். ஒரே மீனை இருவரும் பார்த்துப் பேசுவதற்குத்தான் இவ்வளவு தூரம் வந்தது.

தொழுகையைப் பற்றிக் கவலை வேண்டாம். இந்தத் தூரத்துக்குப் பயணிகளுக்குரிய சலுகை உண்டு. லுஹரையும் அஸரையும் சேர்த்து, சுருக்கித் தொழுதுகொள்ளலாம். பகல் சாப்பாட்டை வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு போகாதீர்கள். காலி வீதியில் நம்மவர்களின் கடைகள் நிறைய இருக்கின்றன. அந்த ஒரு நாள், வேறொருவர் சமைத்ததை நீங்கள் உட்கார்ந்து சாப்பிடுங்கள்.

நான்கு மணியளவில் கடற்கரைக்கு நடந்து போங்கள். காலி வீதியிலிருந்து மேற்கே திரும்பி, புகையிரதப் பாதையைக் கவனமாகக் கடந்தால் கடல். குளிக்க இறங்க வேண்டாம். மலைநாட்டு ஆறு வேறு, கடல் வேறு. அலை இழுத்தால் நீச்சல் தெரிந்தவரும் தடுமாறுவார். கால் நனைத்துக்கொண்டு கரையில் நின்றாலே போதும். ஐந்து, ஐந்தரைக்குப் புறப்பட்டால் இரவு பத்து மணிக்குமேல் வீடு வந்து சேரலாம்.

டொல்பின் சிரிக்கிறதா?

இனி, வசதியுள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை. கணவர் வளைகுடாவில் இருக்கிறார், விசிட் விசாவில் மனைவியைக் கூப்பிடுகிறார் என்றால், இப்போது முதலில் பேசப்படும் இடங்கள் இரண்டு. ஒன்று, 2008 இல் துபாயின் பெரிய கடைத்தொகுதிக்குள் திறக்கப்பட்ட மீன் காட்சியகம். அதன் தொட்டியில் மட்டும் 1 கோடி லீற்றர் தண்ணீர். மற்றது, 2023 மே மாதத்தில் அபூதாபியின் யாஸ் தீவில் திறக்கப்பட்ட சீவேர்ல்ட் என்ற கடல் பூங்கா. அதன் பெரிய தொட்டியில் 2.5 கோடி லீற்றர். மொத்தக் கடலுயிர்கள் 68,000 இற்கு மேல். ஓர் ஆளுக்கான நுழைவுச்சீட்டின் விலையை நம் காசுக்கு மாற்றினால் பல்லாயிரம் ரூபாய்.

இந்த சீவேர்ல்ட், 1964 இல் அமெரிக்காவின் சான் டியேகோ நகரில் தொடங்கிய நிறுவனம். ஓர்கா எனப்படும் கொலைத் திமிங்கிலங்களை வைத்துக் காட்டிய வேடிக்கையால் உலகப் புகழ் பெற்றது. அந்த வேடிக்கைக்குப் பின்னால் என்ன இருந்தது என்பதை உலகம் தாமதமாகத்தான் அறிந்தது. டிலிக்கும் என்ற ஆண் ஓர்கா 1983 இல் ஐஸ்லாந்துக் கடலில் குட்டியாகப் பிடிக்கப்பட்டது. தாயிடமிருந்து பிரிக்கப்பட்டு, தொட்டியிலேயே வளர்ந்தது. 2010 பெப்ரவரியில், புளோரிடா மாநிலப் பூங்காவில், தன்னைப் பழக்கிய பெண்ணையே அது கொன்றது. அதற்கு முன்பும் இரண்டு மரணங்களில் அதற்குத் தொடர்பிருந்தது. 2013 இல் இதைப் பற்றி ஓர் ஆவணப்படம் வெளிவந்து மக்கள் கொதித்தெழுந்தார்கள். 2016 மார்ச்சில், இனி ஓர்காக்களை இனப்பெருக்கம் செய்விக்க மாட்டோம் என்று அந்த நிறுவனம் அறிவித்தது. மறு வருடம் ஜனவரியில் டிலிக்கும் இறந்தது. அபூதாபிப் பூங்காவில் ஓர்கா இல்லை. ஆனால் டொல்பின்கள் இருக்கின்றன.

நம் அயலிலும் ஒரு கதை உண்டு. 1990களின் பிற்பகுதியில், சென்னைக்கும் மாமல்லபுரத்துக்கும் இடையிலான கடற்கரைச் சாலையில் டொல்பின் சிட்டி என்றொரு கேளிக்கைப் பூங்கா இருந்தது. பல்கேரியா நாட்டிலிருந்து டொல்பின்களைக் கொண்டு வந்தார்கள். சனங்கள் குடும்பம் குடும்பமாகப் போய்க் கைதட்டினார்கள். சில மாதங்களுக்குள் அந்த டொல்பின்கள் இறந்துவிட்டன. பின்னர் 2013 இல், டொல்பின்களை வைத்து வேடிக்கை காட்டும் பூங்காக்களுக்கு இந்திய அரசு தடை விதித்தது.

டொல்பின் ஏன் தொட்டியில் வாடுகிறது? அது கண்ணைவிடக் காதால் அதிகம் பார்க்கும் பிராணி. ஒலியை எழுப்பி, அது பட்டுத் திரும்பும் எதிரொலியைக் கொண்டு வழியையும் இரையையும் அறிகிறது. கடலில் ஒரே நாளில் பல பத்துக் கிலோ மீற்றர் நீந்துகிறது. தாயும் பிள்ளையும் உறவும் சுற்றமுமாகக் கூட்டமாய் வாழ்கிறது. அதைச் சீமெந்துச் சுவருக்குள் விட்டால், எழுப்பும் ஒலி சுவரில் பட்டுத் திரும்பிக்கொண்டே இருக்கும். "அது சிரிக்கிறதே!" என்று நாம் மகிழ்கிறோம். அது சிரிப்பல்ல, தாடையின் அமைப்பு. அழுதாலும் நோயுற்றாலும் டொல்பினின் முகம் அப்படித்தான் இருக்கும்.

நான் சற்று முன் சொன்ன வார்த்தை இங்கே வருகிறது. ஒருவருடைய களிப்புக்கு இன்னோர் உயிர் விலை கொடுக்கக் கூடாது. பூனையொன்றைக் கட்டி வைத்து, தானும் உணவளிக்காமல், அது தேடித் தின்னவும் விடாமல் சாகவிட்ட பெண் தண்டிக்கப்பட்டாள் என்பதை நாம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறோம். அடைத்து வைக்கும் உரிமைக்கு ஒரு பொறுப்பும் உண்டு என்பதுதானே அதன் படிப்பினை?

"தெஹிவளையும் கூண்டுகளால் ஆனதுதானே?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. எல்லா உயிரும் ஒரே மாதிரியல்ல. சிறிய முருகைக்கல் மீன் ஒன்று, நல்ல தண்ணீரும் ஒளிந்துகொள்ள ஒரு பொந்தும் இருந்தால் தொட்டியில் இயல்பாக வாழக்கூடும். கடலையே முற்றமாகக் கொண்ட பெரிய பிராணிக்கு அது போதாது. ஆகவே எங்கே போனாலும் கண்ணைத் திறந்து பாருங்கள். தண்ணீர் தெளிவாக இருக்கிறதா? பிராணி ஒரே இடத்தில் சுற்றிச் சுற்றி வருகிறதா? நிழல் இருக்கிறதா? கண்ணாடியைத் தட்டாதீர்கள், எதையும் எறியாதீர்கள். குட்டிக்கரணம் அடிக்கவைக்கும் வேடிக்கையை விட்டுவிட்டு, தன்பாட்டில் நீந்தும் உயிரின் முன்னால் பத்து நிமிடம் கூடுதலாக நில்லுங்கள்.

கண்ணாடி இல்லாத கடல்

அபூதாபிக்குப் போக வசதியில்லையே என்று மனம் சோரும் சகோதரிக்கு ஒரு நற்செய்தி. உலகத்திலேயே மிகப் பெரிய பிராணி நம் நாட்டுக் கரையோரத்தில் நீந்துகிறது. மாத்தறை மாவட்டத்தில் மிரிஸ்ஸ என்ற மீனவ ஊரிலிருந்து படகில் போனால் நீலத்திமிங்கிலத்தைக் காணலாம். நம் கடலில் காணப்படுபவை இருபது மீற்றருக்கும் மேல் நீளமானவை. கண்டி பஸ் நிலையத்தில் இரண்டு பஸ் வண்டிகளை ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தியது போன்ற நீளம். அது உண்பதோ நுண்ணிய இறால் இனத்தை! இவ்வளவு பெரிய உடலுக்கு இவ்வளவு சிறிய ரிஸ்க்கை வைத்தவனை நினைத்தால் "ஸுப்ஹானல்லாஹ்" என்று வாய் தானாகச் சொல்லும்.

தேவேந்திரமுனைப் பக்கம் கரையிலிருந்து சிறிது தூரத்திலேயே கடல் திடீரென ஆழமாகிவிடுகிறது. அதனால்தான் ஆழ்கடல் பிராணி இவ்வளவு கிட்ட வருகிறது. அதே காரணத்தால் பெரிய கப்பல்களும் கரைக்குக் கிட்ட ஓடுகின்றன. கப்பலில் மோதித் திமிங்கிலங்கள் இறக்கின்றன. இலங்கையின் கடல் விஞ்ஞானி கலாநிதி ஆஷா டி வோஸ் என்ற பெண்மணி பல வருடங்களாக இதை ஆராய்ந்து உலகத்துக்கு எடுத்துச் சொன்னார். 2022 இல் எம்.எஸ்.சி. என்ற பெரிய கப்பல் நிறுவனம் தன் கப்பல்களை இன்னும் தெற்கே விலகிச் செல்லப் பணித்தது. ஒரு பெண் விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தால் கப்பலும் வழி மாறும், பாருங்கள்.

மிரிஸ்ஸவுக்குப் பருவம் டிசம்பர் தொடக்கம் ஏப்ரல் வரை. மற்ற மாதங்களில் அங்கே கடல் கொந்தளிக்கும். படகுகள் விடியற்காலையில் புறப்படுவதால் ஒரே நாளில் கண்டியிலிருந்து போய்வர முடியாது. முதல் நாளே போய்த் தங்க வேண்டும். வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு ஏறாதீர்கள். குமட்டல் உள்ளவர்கள் வைத்தியரிடம் கேட்டு மாத்திரை எடுத்துக்கொள்ளுங்கள். உயிர்காப்பு அங்கி தராத படகில் ஏறவே வேண்டாம். அபாயாவின் மேல் அதைக் கட்டுவது சிரமமில்லை. படகு திமிங்கிலத்திலிருந்து 100 மீற்றர் தள்ளி நிற்க வேண்டும் என்பது சட்டம். "இன்னும் கிட்டப் போங்கள்" என்று ஓட்டுநரை நச்சரிப்பவர்கள் பயணிகள்தாம். நீங்கள் அவர்களில் ஒருவராக இருக்காதீர்கள். காணக் கிடைக்காமல் திரும்பும் நாளும் உண்டு. அதற்காகக் கணவரோடு முகம் சுளிக்க வேண்டாம். கடல் நம் கட்டளைக்கு ஆடும் தொட்டியல்லவே.

அவ்வளவு தூரம் வேண்டாம் என்பவர்களுக்கு ஹிக்கடுவை இருக்கிறது. 1979 இல் கடல் சரணாலயமாக்கப்பட்டு, 2002 இல் தேசிய பூங்காவான இடம். கீழே கண்ணாடி பதித்த படகில் இருந்து முருகைக்கற்களையும் மீன்களையும் பார்ப்பார்கள். 1998 இல் கடல் நீர் சூடானபோது அந்த முருகைக்கற்களில் பெரும்பகுதி வெளிறிச் செத்துவிட்டது. எஞ்சியதை மிதித்துவிடாமல், ஒரு துண்டையும் உடைத்துக்கொண்டு வராமல் பார்ப்பது நம் கடமை. கண்ணாடி அலுமாரியில் வைக்கும் முருகைக்கல் துண்டு, உயிரோடிருந்த ஒன்றின் எலும்பு.

புறப்படுமுன்

இதை வாசித்துவிட்டுப் பெருமூச்சு விட்டு மூடிவைத்தால் பயனில்லை. சில காரியங்களை இன்றே தொடங்குங்கள்.

மாமியிடம் முதலில் நீங்களே சொல்லுங்கள். மறைத்துப் போவதால்தான் மனத்தாங்கல் வருகிறது. "மாமி, ஒரு நாளைக்கு இவங்களோட போயிட்டு வாறன், புள்ளைகளைப் பார்த்துக்கொள்றீங்களா?" என்று கேட்டால் எந்த மாமியும் கல்லாக இருக்க மாட்டார். திரும்பும்போது அவருக்கென்று ஏதாவது வாங்கி வாருங்கள். அடுத்த முறை மாமாவும் மாமியும் போகட்டும். நீங்கள் வீட்டைப் பாருங்கள். அவர்கள் இருவரும் கடல் பார்த்து எத்தனை வருடமோ!

பணத்துக்கு வழி இது: ஒரு பழைய பால்மா டின்னில் வாரா வாரம் முடிந்ததைப் போடுங்கள். இருவருக்கான பஸ் காசும், நுழைவுச்சீட்டும், ஒரு வேளைச் சாப்பாடும்தான் செலவு. ஒரு கலியாணத்துக்கு வாங்கும் ஒரு சாரியின் விலைகூட வராது.

கைத்தொலைபேசியை வீட்டார் அவசரத்துக்கு அழைப்பதற்காக மட்டும் வைத்திருங்கள். இரண்டொரு படம் போதும். மீனைப் படம் பிடித்து ராத்தாவுக்கும் தங்கச்சிக்கும் அனுப்பிக்கொண்டிருந்தால், பக்கத்தில் நிற்பவர் தனியாகத்தான் பார்த்துவிட்டு வருவார்.

அந்த ஒரு நாள் மூன்று பேச்சுகளை வீட்டிலேயே விட்டுச் செல்லுங்கள்: கடன், குடும்பத் தகராறு, பிள்ளையின் மார்க்ஸ். "அப்படியானால் எதைப் பேசுவது?" என்று திகைக்கிறீர்களா? அந்தத் திகைப்பே, இந்தப் பயணம் எவ்வளவு தேவை என்பதைக் காட்டுகிறது. உங்கள் சிறு வயதைப் பேசுங்கள். அவர் முதன்முதல் சம்பளம் வாங்கிய நாளைக் கேளுங்கள். அவர் பாலைவனத்தில் தனித்திருந்த இரவுகளைக் கேளுங்கள். நீங்கள் இங்கே தனியே பிள்ளை பெற்ற நாளை அவருக்குச் சொல்லுங்கள். கடலோரத்தில் உட்கார்ந்தால் பல வருடங்களாகத் தொண்டையில் நின்ற பேச்சு தானாக வரும்.

கணவர் தூர தேசத்தில் இருக்கும் சகோதரிகளும், கணவரை இழந்த சகோதரிகளும் இதை வாசிப்பீர்கள் என்பதை மறக்கவில்லை. உங்கள் உம்மாவோடு, ராத்தாவோடு, வளர்ந்த மகளோடு போய் வாருங்கள். சேர்ந்து பார்ப்பதற்கு ஒரு நெஞ்சம் பக்கத்தில் இருந்தால் போதும்.

இந்தப் பக்கத்தைக் கணவரின் கண்ணில் படும் இடத்தில் மடித்து வையுங்கள். "என்ன இது?" என்று அவர் கேட்டால், எந்த நாள் வசதி என்று மட்டும் கேளுங்கள். நாள் குறித்தாகிவிட்டால் மற்றதெல்லாம் இலேசு. போகும் வழியையும் வரும் வழியையும் அல்லாஹ் உங்களுக்குப் பாதுகாப்பாக்கி, உங்கள் இருவருக்குமிடையில் அன்பையும் இரக்கத்தையும் பெருகச் செய்வானாக. ஆமீன்.